இலை வடிவச் சொற்கள்: ஒலியும் பொருளும் உண்மையும்

தாவரவியல் நூல்களில் இலையின் வடிவத்தைக் குறிக்க வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை லத்தீனிலிருந்து வந்தவை. ஓவேட் என்றால் முட்டை வடிவம். லான்சியோலேட் என்றால் ஈட்டி வடிவம். கார்டேட் என்றால் இதய வடிவம். ரெனிஃபார்ம் என்றால் சிறுநீரக வடிவம். கல்லூரியில் தாவரவியல் எடுக்கும் மாணவர் முதலாண்டிலேயே இவற்றை மனப்பாடம் செய்துவிடுகிறார். படிக்கப் படிக்க இரண்டு ஐயங்கள் எழுகின்றன. யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியின் சொல்லை எப்படி ஒலித்தால் சரி? ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாத இலைகளை ஒரே சொல்லுக்குள் அடக்குவது எப்படிச் சரி? முதலாவது உச்சரிப்பு பற்றியது, இரண்டாவது வடிவம் பற்றியது. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரு பெயர் சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பது இயற்கையா, மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடா? தத்துவ ஞானிகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிவரும் கேள்வி இது. இலை வடிவச் சொற்களை நுணுகிப் பார்த்தால் அதற்கு ஒரு தெளிவான விடை கிடைக்கிறது.

சொற்கள் வந்த வழி

அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ் தம் தாவர நூலில் ஒரு செடியின் இலையை, எல்லோரும் அறிந்த வேறொரு செடியின் இலையோடு ஒப்பிட்டு விவரித்தார். பல நூற்றாண்டுகள் அந்த முறையே நீடித்தது. அதில் ஒரு குறை உண்டு. ஒப்பிடப்படும் செடியைப் பார்த்தே இராதவருக்கு அந்த விவரிப்பால் பயனில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் யுங்கியஸ் (1587–1657) தனி இலை, கூட்டிலை முதலிய கருத்துகளுக்கு வரையறை வகுத்தார். இங்கிலாந்தின் ஜான் ரே அவற்றைத் தம் நூல்களில் எடுத்தாண்டார். அடுத்த நூற்றாண்டில் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் (1707–1778) அந்த வேலையை முழுமையாக்கினார். 1751இல் வெளிவந்த அவருடைய ‘ஃபிலசோஃபியா போட்டானிக்கா’ இலை வடிவங்களை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து காட்டியது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுருக்கமான வரையறை என்று ஒழுங்குபடுத்தியது. தாவரவியல் நூலுக்குத் தத்துவம் என்று பெயர் வைத்தது தற்செயல் இல்லை. எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதிகளின் நூல் அது.

அந்தச் சொற்கள் விரைவிலேயே தமிழகக் கரைக்கும் வந்தன. லின்னேயஸிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்து, இங்குள்ள செடிகளைச் சேகரித்து விவரித்தார். 20ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்திலிருந்து தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரங்களைத் தொகுத்த அருட்தந்தை கே. எம். மேத்யூவும் அதே சொற்களைத்தான் ஆண்டனர். புதிய தாவரம் ஒன்றுக்குப் பெயரிடுபவர் அதன் விவரிப்பை லத்தீனில் எழுதியே தீர வேண்டும் என்ற விதி 1935 ஜனவரி 1 முதல் 2011 முடியும் வரை நடைமுறையில் இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று தளர்த்தப்பட்டது. பெயர் மட்டும் இன்றும் லத்தீன் வடிவில்தான் இருக்க வேண்டும்.

சொல்லுக்குள் இருக்கும் படம்

இலை வடிவச் சொற்கள் வறண்ட குறியீடுகளைப் போலத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் படம் இருக்கிறது. உடலிலிருந்து இதயம், சிறுநீரகம், உள்ளங்கை, விரல் வந்தன. போர்க்களத்திலிருந்து ஈட்டி, அம்பு, வேல், கேடயம், வாள்முனை வந்தன. தச்சுப் பட்டறையிலிருந்து ஆப்பும் ரம்பமும் வந்தன. லான்சியோலேட் என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்குச் சிறு ஈட்டி என்று பொருள். செர்ரேட் என்ற விளிம்புச் சொல்லின் மூலம் ரம்பம். வேப்பஞ் சிற்றிலையின் விளிம்பைத் தடவிப் பார்த்தவருக்கு அந்தச் சொல் இனி மறக்காது.

படம் தெரிந்தால் நெருக்கமான இரு சொற்களின் வேறுபாடும் தெளிவாகும். சாஜிட்டேட், ஹேஸ்டேட் ஆகிய இரண்டும் அடிப்பகுதியில் இரு மடல்கள் கொண்ட கூரிய இலைகளுக்கு வழங்குபவை. சாஜிட்டா என்பது அம்பு. அம்பு முனையின் இரு கொக்கிகளும் பின்னோக்கி இறங்குவதுபோல், சாஜிட்டேட் இலையின் மடல்கள் காம்பை நோக்கிக் கீழிறங்கும். ஹாஸ்தா என்பது வேல். ஹேஸ்டேட் இலையின் மடல்கள் இரு பக்கமும் வெளிநோக்கி விரியும். வள்ளைக்கீரையில் இவ்விரு வகை அடிப்பகுதிகளையும் காணலாம். மடல் எந்தத் திசையில் நிற்கிறது என்பதே இரண்டையும் பிரிக்கும் செய்தி. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்.

முன்னொட்டுகளும் பின்னொட்டுகளும் இந்தச் சொற்களின் இலக்கணம். ‘ஆப்’ என்ற முன்னொட்டு தலைகீழைக் குறிக்கும். ஓவேட் இலையில் முட்டையின் அகன்ற பக்கம் காம்பின் அருகில் இருக்கும்; ஆப்ஓவேட் இலையில் அது நுனியின் அருகில் இருக்கும். முந்திரி இலையும் நாட்டுவாதுமை இலையும் இரண்டாம் வகை. பூவரசு, வெற்றிலை, சீந்தில் ஆகியவை கார்டேட்: இதயத்தின் பள்ளம் காம்பு சேரும் இடத்தில் இருக்கிறது. புளியாரையின் சிற்றிலை ஆப்கார்டேட்: பள்ளம் நுனியில் இருக்கிறது. ‘சப்’ என்ற முன்னொட்டு ‘ஏறக்குறைய’ என்ற பொருளைத் தரும். தாமரை இலைபோல் காம்பு தகட்டின் நடுவில் சேர்ந்தால் பெல்டேட், அதாவது கேடய வடிவம். வீரன் கேடயத்தை உட்புறத்தின் நடுவில் பிடிப்பதை நினைவூட்டும் படம் இது.

லத்தீனோடு கிரேக்கமும் கலந்திருக்கிறது. இலைக்கு லத்தீனில் ஃபொலியம், கிரேக்கத்தில் ஃபில்லோன். இலுப்பையின் சிற்றினப் பெயரான லாங்கிஃபொலியா ‘நீண்ட இலை’ என்ற லத்தீன். புன்னையின் பேரினப் பெயரான கேலோஃபில்லம் ‘அழகிய இலை’ என்ற கிரேக்கம். பெயரின் ஈறு பேரினத்தின் பாலுக்கு ஏற்ப மாறும். நெட்டிலிங்கம் பாலியால்தியா என்ற பேரினத்தில் இருந்தவரை அதன் சிற்றினப் பெயர் லாங்கிஃபொலியா. மோனூன் என்ற பேரினத்துக்கு அது மாற்றப்பட்டதும் லாங்கிஃபொலியம் ஆயிற்று. மரமும் மாறவில்லை, இலையும் மாறவில்லை. பெண்பால் ஈறு போய் அஃறிணைக்குரிய ஈறு வந்தது.

ஒலியின் கேள்வி

ரோமப் பேரரசு அழிந்த பிறகும் லத்தீன் திருச்சபையின் மொழியாகவும் அறிஞரின் மொழியாகவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. ஒவ்வொரு நாட்டாரும் அதைத் தம் வாய்க்கு ஏற்பப் படித்தனர். இதனால் விளைந்த குழப்பத்தை எராஸ்மஸ் 1528இல் வெளியிட்ட உரையாடல் நூலில் எடுத்துக் காட்டினார். பல நாட்டவர் லத்தீனில் பேசியும் கேட்டவர்கள் அவரவர் தாய்மொழியில் பேசுவதாக எண்ணினார்கள் என்பது அவர் தரும் சித்திரம். பழங்காலத்தார் எப்படி ஒலித்தார்களோ அப்படியே ஒலிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேம்பிரிட்ஜில் ஜான் சீக் என்ற அறிஞர் அதே கருத்தைக் கிரேக்க மொழிக்குப் பொருத்திக் கற்பித்தபோது, பல்கலைக்கழக வேந்தராக இருந்த ஆயர் ஸ்டீஃபன் கார்டினர் 1542இல் அந்தப் புதிய உச்சரிப்பைத் தடைசெய்தார். உச்சரிப்பு என்பது பேசுவோரிடையே நிலவும் வழக்கு. பழைய ஏடுகளைத் தோண்டி அதை மாற்றினால் கேட்பவருக்குப் புரியாமல் போகும் என்பது கார்டினரின் வாதம். மெய்யான மூலம் ஒன்று உண்டு, அதுவே அளவுகோல் என்பது சீக்கின் வாதம். பார்வைக்கு இது எழுத்தொலித் தகராறு. அடியில் இருப்பது சரி என்பதன் ஊற்று எது என்ற தத்துவத் தகராறு.

அந்தத் தகராறு இன்னும் முடியவில்லை. கொண்டைக்கடலையின் பேரினப் பெயரைப் பழைய ரோமானியர் ‘கிக்கெர்’ என்று ஒலித்தனர். இத்தாலிய வழக்கைத் தழுவிய திருச்சபை லத்தீனில் அது ‘ச்சிச்செர்’. ஜெர்மானியர் மரபில் ‘த்ஸித்ஸெர்’. ஆங்கிலேயர் மரபில் ‘சைசர்’. செடி ஒன்று, எழுத்து ஒன்று, ஒலி நான்கு. இதற்குக் காரணம் ரோமன் எழுத்தான ‘சி’. அ, ஒ, உ ஆகிய ஒலிகளுக்கு முன் அதை எல்லோரும் ககரமாகவே ஒலிப்பர். எ, இ ஆகியவற்றுக்கு முன்தான் நாடுகள் பிரிகின்றன. எனவே இதய வடிவத்தைக் குறிக்கும் ‘கொர்தாத்தா’வின் முதலெழுத்தில் சண்டை இல்லை. ஈட்டி வடிவத்தைக் குறிக்கும் சொல் மட்டும் லன்கெயொலாத்தா, லன்ச்செயொலாத்தா, லன்த்ஸெயொலாத்தா, லான்சியோலேட்டா என்று நான்காகிறது.

இந்த நான்கிலும் மாறாமல் நிற்பது ஒன்று உண்டு: அழுத்தம். லத்தீன் சொல்லில் கடைசி அசைக்கு முந்தைய அசை நெடிலாகவோ ஒற்றடுத்த குறிலாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே விழும். அது ஒற்றில்லாத குறிலானால் அழுத்தம் ஓரசை முன்னே போகும். லன்கெயொலாத்தாவில் ‘லா’வும், ஓவாத்தாவில் ‘வா’வும் நெடிலாதலால் அழுத்தம் பெறுகின்றன. ரேனிஃபொர்மிஸ் என்பதில் ‘ஃபொர்’ ஒற்றடுத்த குறிலாதலால் அழுத்தம் பெறுகிறது. கொர்திஃபொலியாவில் ‘லி’ ஒற்றில்லாத குறில். ஆகவே அழுத்தம் ‘ஃபொ’வுக்குப் போகிறது. இலையைக் குறிக்கும் ‘ஃபொலியா’வில் முடியும் பெயர்கள் அனைத்துக்கும் இதுவே விதி. குறில், நெடில், ஒற்று என்ற பகுப்பில் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த விதி அந்நியமாக இராது. தகர ஒலியிலும் தமிழருக்கு வசதி உண்டு. ஆங்கில வழக்கில் டகரமாகக் கேட்பது லத்தீனில் பல்லில் நாப் பொருந்தப் பிறக்கும் தகரமே.

தாவரவியல் லத்தீனைப் பற்றி 1966இல் விரிவான நூல் எழுதிய வில்லியம் ஸ்டேர்ன், அது முதன்மையாக எழுத்து மொழி என்றும், காதுக்கு இனிதாகவும் கேட்பவருக்கு விளங்கும்படியும் இருந்தால் எந்த மரபில் ஒலித்தாலும் பாதகமில்லை என்றும் கருதினார். தாவரப் பெயர்களுக்கான சர்வதேச விதித் தொகுப்பும் அதே போக்கில்தான் செல்கிறது. எழுத்துக்கூட்டலில் அது மிகக் கண்டிப்பானது; ஓர் ஈறு தவறினாலும் திருத்தச் சொல்லும். உச்சரிப்பை அது ஒழுங்குபடுத்துவதே இல்லை.

பெயருக்கும் பொருளுக்கும் என்ன உறவு?

பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் இரண்டு கட்சிகள் மோதுகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்பிலேயே உரிய பெயர் உண்டு என்கிறார் கிராட்டிலஸ். வழக்கும் உடன்பாடும் தவிரப் பெயருக்கு வேறு அடிப்படை இல்லை என்கிறார் ஹெர்மோகெனஸ். சாக்ரடீஸ் இருவரையும் சோதிக்கிறார். நெசவில் நாடா இழைகளைப் பிரிப்பதுபோல் பெயர் பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவி என்கிறார். முடிவில், பொருள்களைப் பெயர்களிலிருந்து கற்பதைவிடப் பொருள்களிலிருந்தே கற்பது மேல் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்.

இந்தியத் தத்துவத்திலும் இதே இரண்டு கட்சிகள் உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பானது, யாரும் உண்டாக்காதது என்பது மீமாம்சை. அது உடன்பாட்டால் ஏற்பட்டது என்பது நியாயம். ஒரே சொல்லை வெவ்வேறு மக்கள் வெவ்வேறு பொருளில் ஆள்வதை நியாயம் தனக்குச் சான்றாகக் காட்டுகிறது. மீமாம்சகர்களே இப்படி ஒரு தாவரப் பெயர்ச் சிக்கலை எடுத்து விவாதித்திருக்கிறார்கள். வேள்விக்குரிய ‘யவம்’ என்பது வாற்கோதுமையா, சிலர் வழங்குவதுபோல் தினை வகையா? ஜைமினி சூத்திரத்துக்கு உரை எழுதிய சபரர், அவரவர் ஊர் வழக்கைக் கேட்டு முடிவு செய்யாமல், அந்தச் சொல் ஆளப்பட்ட மூல நூலின் வாசகத்தைக் கொண்டு வாற்கோதுமை என்று தீர்க்கிறார்.

லான்சியோலேட் என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதே சிக்கல்தான். லின்னேயஸின் வரையறைப்படி அது நீண்டு, இரு முனைகளையும் நோக்கிப் படிப்படியாகக் குறுகும் இலை. அதாவது அகலம் மிகுந்த இடம் நடுவில். பின்வந்த ஆசிரியர்கள் பலர் அதே சொல்லை, நடுவுக்குக் கீழே காம்பை ஒட்டி அகன்று நுனியில் கூரான இலைக்கு வழங்கினர். ஈட்டி முனை என்ற படத்துக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் 1753இல் லின்னேயஸ் எழுதிய விவரிப்பைப் பின்னைய பொருளில் படித்தால், படிப்பவர் மனத்தில் எழும் இலை அவர் கண்ட இலையாக இராது. இங்கும் தீர்வு ஒன்றுதான்: அந்த ஆசிரியர் தம் நூலில் அந்தச் சொல்லை எப்படி வரையறுத்தார் என்று மூலத்தைத் திறந்து பார்ப்பது. நியாயம் சொல்வதுபோல் உறவு உடன்பாட்டால் வந்ததே. ஆனால் உடன்பாடு ஏற்பட்ட பிறகு அது விரும்பியவர் விரும்பியபடி வளைக்கக்கூடியதாக இல்லை. சபரர் காட்டிய வழி உடன்பாட்டின் கட்சிக்கும் தேவைப்படுகிறது.

வடிவம் இலையில் இருக்கிறதா?

பெயர் உடன்பாட்டால் வந்தது என்று வைத்துக்கொண்டாலும், அது சுட்டும் வடிவ வகை இயற்கையில் உண்டா என்ற கேள்வி மிஞ்சுகிறது. தத்துவ ஞானிகள் இந்தக் கேள்விக்கு மறுபடி மறுபடி இலையையே உதாரணமாக எடுத்தது கவனிக்கத்தக்கது. லைப்னிட்ஸ் 1716இல் சாமுவேல் கிளார்க்குக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஹெரன்ஹாவுசன் தோட்டத்தில் இளவரசி சோஃபியாவின் முன்னிலையில் ஒருவர், முற்றிலும் ஒத்த இரண்டு இலைகளைக் காட்ட முடியும் என்றார். இளவரசி சவால் விட்டார். அப்படிச் சொன்னவர் தோட்டமெல்லாம் நெடுநேரம் ஓடித் தேடியும் ஒரு ஜோடி கூட அகப்படவில்லை. இயற்கையில் எந்த இரண்டும் ஒன்றல்ல என்ற தம் கொள்கைக்கு லைப்னிட்ஸ் இதைத் துணையாகக் காட்டினார். நீட்சே 1873இல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னும் கடுமையான முடிவுக்குப் போனார்: இலை என்ற கருத்தே, ஒவ்வோர் இலைக்கும் உரிய வேறுபாடுகளை வேண்டுமென்றே மறந்ததால் உருவானது. ஜான் லாக் 1690இல் வெளியிட்ட நூலில் நடுவழி ஒன்றைக் காட்டியிருந்தார்: பொருள்களிடையே ஒற்றுமையை வைப்பது இயற்கை, அந்த ஒற்றுமைகளைக் கொண்டு வகை பிரிப்பது மனித அறிவு.

தாவரங்களின் நடத்தை இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. பலாவின் சிற்றினப் பெயர் ஹெட்டிரோஃபில்லஸ், அதாவது ‘பலவகை இலையுடையது’. இளங்கன்றின் இலைகள் சில பிளவுபட்டிருக்கும். முதிர்ந்த மரத்தில் விளிம்பு பிளவுபடாத இலைகளே வரும். ஐரோப்பிய நீர்நிலைகளில் வளரும் அம்பு இலைச் செடியான சாஜிட்டேரியா சாஜிட்டிஃபொலியாவில் நீருக்குள் நாடா போன்ற இலைகளும், நீருக்கு மேல் பெயருக்கேற்ற அம்பு இலைகளும் ஒரே செடியில் இருக்கும்.

இத்தகைய மாற்றம் கவிஞர் கதேயை உலுக்கியது. லின்னேயஸின் சொற்களைக் கற்றுக்கொண்டு செடிகளிடம் போன அவர், ஒரே தண்டில் கீழே ஒரு வடிவமும் மேலே போகப் போக வேறு வடிவமுமாக இலைகள் மாறுவதைக் கண்டு, எந்தச் சொல்லை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மனம் சோர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1786இல் இத்தாலிப் பயணத்தின்போது பதுவா நகரத் தாவரத் தோட்டத்தில் ஒரு விசிறிப் பனையைக் கண்டார். தரையை ஒட்டிய இளம் இலைகள் எளிய ஈட்டி வடிவில் இருந்தன. அடுத்தவற்றில் பிளவு தொடங்கியது. மேலே முழு விசிறி விரிந்தது. தோட்டக்காரரிடம் சொல்லி அந்த வரிசை முழுவதையும் வெட்டி வாங்கிக்கொண்டார். வடிவங்கள் தனித்தனி அறைகள் இல்லை, ஒரே உறுப்பின் பயணத்தில் வரும் நிலைகள் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. 1790இல் வெளிவந்த ‘தாவரங்களின் உருமாற்றம்’ என்ற நூல் அந்த எண்ணத்தின் விளைவு. 1585இல் நடப்பட்ட அந்தப் பனை இன்றும் கதேயின் பெயரால் அங்கே நிற்கிறது.

ஆனால் எல்லா இலைச் சொற்களும் ஒரே தரத்தவை என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. முருங்கைக் கீரையை உருவும்போது கையில் வரும் சிறு பச்சைத் தகட்டை வழக்கில் இலை என்கிறோம். தாவரவியல் அதைச் சிற்றிலை என்கிறது. பல கிளைப்புகளோடு கூடிய முழு ஈர்க்குதான் ஓர் இலை. இது வெறும் சொல் விருப்பம் இல்லை. இலை தண்டோடு சேரும் கணுவில், இலையின் கக்கத்தில், ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் மொட்டு இராது. முருங்கையின் சிறு தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாலும் மொட்டு கிடைக்காது; முழு ஈர்க்கு தண்டில் சேரும் இடத்தில் கிடைக்கும். வேம்பிலும் புளியிலும் அப்படியே. இங்கே எல்லையை இட்டது செடி. மனிதர் அதைக் கண்டுபிடித்தனர். முட்டை வடிவத்துக்கும் ஈட்டி வடிவத்துக்கும் இடையே அத்தகைய கணு எதுவும் இல்லை. இலை சிறிது சிறிதாக நீண்டுகொண்டே போகிறது. கோட்டை மனிதர்தான் போட வேண்டும். தனி இலை, கூட்டிலை என்ற பகுப்பு கண்டெடுத்தது; ஓவேட், லான்சியோலேட் என்ற பகுப்பு வகுத்துக்கொண்டது.

வகுத்த கோடு பொய்யா?

வகுத்துக்கொண்டது என்பதால் அது பொய் என்று ஆகிவிடாது. 1962இல் முறைப்பாட்டியல் அறிஞர்களின் குழு ஒன்று, எளிய சமச்சீர் வடிவங்களுக்கு நீள அகல விகிதத்தை வைத்து அட்டவணை ஒன்றை வெளியிட்டது. அந்த வழியில், அடி அகன்ற இலைகளில் நீளம் அகலத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 மடங்கு இருந்தால் ஓவேட். 3 முதல் 6 மடங்கு இருந்தால் லான்சியோலேட். இடையில் நிற்பவற்றுக்கு இரு சொற்களையும் இணைத்து ஓவேட்-லான்சியோலேட் என்று எழுதுவர். கோடு இங்கேதான் விழ வேண்டும் என்று எந்த இலையும் கேட்கவில்லை. ஆனால் கோடு போட்ட பிறகு, ஓர் இலை அதற்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல்லலாம். யார் அளந்தாலும் அதே விடைதான் வரும். படி என்ற அளவை நெல்லில் இல்லை, அதை மனிதர் செய்தனர். ஆனால் குவியலில் எத்தனை படி நெல் என்பதை நெல்லே தீர்மானிக்கிறது. வடிவச் சொல்லும் அவ்வாறே: சொல் நம்முடையது, அந்தச் சொல் பொருந்துகிறதா என்ற தீர்ப்பு இலையினுடையது. நீட்சே சொன்ன மறதி உண்மையே. ஆனால் எதை மறக்கிறோம், எதை நினைவில் வைக்கிறோம் என்பதை வரையறை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. வெளிப்படையாகச் சொல்லப்பட்ட மறதியால் யாரும் ஏமாறுவதில்லை.

சொல்லின் எல்லை முழுத் துல்லியமாக இருந்தால்தான் அது பயன்படும் என்ற எண்ணமும் தவறு. விட்கென்ஸ்டைன் 1953இல் வெளியான ‘தத்துவ ஆய்வுகள்’ நூலில் கேட்கிறார்: எந்தக் குறிப்பிட்ட வடிவமும் இல்லாமல், எல்லா இலைகளுக்கும் பொதுவானதை மட்டும் காட்டும் இலைப்படம் எப்படி இருக்கும்? அப்படி ஒரு படம் இருக்க முடியாது. படம் எதுவாயினும், அதை மாதிரியாக வைத்துப் பயன்படுத்தத் தெரிவதில்தான் புரிதல் இருக்கிறது. பௌத்தத் தருக்கவியலாளர் திக்நாகரின் அபோகக் கொள்கையும் இங்கு துணைக்கு வரும். ஒரு சொல் தன் பொருளை நேராகச் சுட்டுவதில்லை, மற்றவற்றை விலக்குவதன் மூலம் உணர்த்துகிறது என்பது அக்கொள்கை. லான்சியோலேட் என்று சொல்லும் தாவரவியலார் இந்த இலை ஓவேட் இல்லை, கோடுபோல் ஒடுங்கிய லீனியர் இல்லை, ஆப்லான்சியோலேட் இல்லை என்றே சொல்கிறார். அதனால்தான் இச்சொற்களைத் தனித்தனியாகக் கற்றால் புரிவதில்லை. வரிசையாக, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கற்றால் உடனே புரிகின்றன.

ஒலியிலும் நடப்பது இதே ஒழுங்குதான். கிக்கெர், சைசர் ஆகிய இரண்டும் கேட்பவரை ஒரே செடியிடம் கொண்டு சேர்த்தால் இரண்டும் தம் வேலையைச் செய்தன. ஆனால் ஓவேட் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆப்ஓவேட் என்று சொல்பவர், எவ்வளவு அழகாக ஒலித்தாலும், கேட்பவரை வேறோர் இலையிடம் அனுப்பிவிடுகிறார். முன்னது வழக்கு வேறுபாடு, பின்னது பிழை. உச்சரிப்பு தவறிவிடுமோ என்ற கூச்சத்தால் வாய் திறவாமல் இருக்கும் மாணவர் பலர் உண்டு. அந்தக் கூச்சத்துக்கு எந்த நியாயமும் இல்லை. கார்டினரின் கட்சி ஒலிக்குப் பொருந்தும்: நிலவும் வழக்கு எதுவோ அது போதும். சீக்கின் கட்சி பொருளுக்குப் பொருந்தும்: மூலத்தில் வரையறுத்தது எதுவோ அதை விட்டு நகரக் கூடாது.

இலைச் சொற்களைக் கற்க வருபவர் செய்ய வேண்டியது மூன்று. முதலில் சொல்லுக்குள் இருக்கும் பொருளின் படத்தை அறிய வேண்டும். அடுத்து, நூலாசிரியர் அந்தச் சொல்லுக்கு எந்த எல்லையை வகுத்தார் என்று பார்க்க வேண்டும். பிறகு, ஒரு செடியிலிருந்து ஓர் இலை மட்டும் எடுக்காமல், கீழிருந்து மேல்வரை பல இலைகளை எடுத்து வைத்து அந்தச் சொல் எத்தனைக்குப் பொருந்துகிறது என்று சோதிக்க வேண்டும். சாக்ரடீஸ் வந்து சேர்ந்த இடமும் அதுதான்: பெயர் இலையிடம் அழைத்துச் செல்லலாம், அறிவு இலையிலிருந்துதான் வர வேண்டும். ஒலியில் தாராளமும் பொருளில் கண்டிப்பும் வேண்டும். சொல்லுக்கும் இலைக்கும் முரண் வந்தால் திருத்த வேண்டியது சொல்லையே.